பெரிய டயருக்கு ஆக்சில் தாங்குமா?

மலைவண்டிப் பட்டறை – வாசகர் கேள்வி பதில்

ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து, இப்போது போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறை நடத்துபவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இந்த முறை பெரிய டயர், ஆக்சில், கியர் பற்றிய கடிதங்களை மட்டும் அவரிடம் கொடுத்தோம்.

என்னிடம் இருப்பது 2014 மாடல் தார் சிஆர்டிஇ. கம்பெனி டயர் 235/70 ஆர்16. அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல மட் டயர் போட்டேன். இப்போது ஐந்தாவது கியரில் வண்டி இழுக்கவே இல்லை. வால்பாறை ஏறும்போது கிளட்ச் வாடை வருகிறது. ஆக்சில் விகிதம் 3.73 என்று பட்டறையில் சொன்னார்கள். எஞ்சினில் கோளாறா? – வாசகர், கோவை

தம்பி, எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை. கிளட்சுக்கும் இதுவரை இல்லை. இப்படியே ஓட்டினால் வரும். உங்கள் பழைய டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 16 அங்குல ரிம் என்றால் 406 மில்லிமீட்டர். டயரின் பக்கச் சுவர் 235-ல் 70 சதவீதம், மேலும் கீழும் சேர்த்து 329. ஆக 735 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதியது 33 அங்குலம், 838 மில்லிமீட்டர். முன்பு ஒரு கிலோமீட்டர் போகச் சக்கரம் ஏறக்குறைய 433 முறை சுற்றியது. இப்போது 380 சுற்றிலேயே அந்தத் தூரம் போய்விடுகிறது. விகிதம் 3.73 என்றால், எஞ்சின் பக்கமிருந்து வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலுக்குள் 3.73 இருந்தாலும் சாலையில் உங்களுக்குக் கிடைப்பது 3.27-தான். எல்லாக் கியரும் ஒரு படி கனத்துவிட்டன. முதல் கியரும் சேர்த்துத்தான். அதனால்தான் ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது அரைக் கிளட்சில் கூடுதல் நேரம் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த வாடை அங்கிருந்து வருகிறது.

பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் விகிதத்தையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். 3.73-ஐ 33-ஆல் பெருக்கி 29-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.25 வரும். ஆனால் இந்தக் கணக்கு டயரின் உயரத்தை மட்டுமே பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. மட் டயர் கனமானது. அந்தக் கனம் சக்கரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சுழல்கிறது, அதைச் சுழற்றிவிடவும் நிறுத்தவும் தனியாகப் பலம் வேண்டும். அதனால் கணக்கு 4.25 என்று வந்து, ஆக்சில் கூடான ஹவுசிங்குக்குப் பொருந்துகிற கியர் செட் 4.10-லும் 4.56-லும் கிடைத்தால், மலை ஏறுகிறவருக்கு 4.56-ஐத்தான் சொல்வேன். முழுநேரமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் 33 அங்குலமே போடக் கூடாது.

இன்னொன்று, பின்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாமல் ஃபோர் வீலில் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கும். டயர் வழுக்கி விட்டுக்கொடுக்கும் சேற்றில் கொஞ்ச நேரம் தப்பிக்கும், கெட்டியான தரையில் எது பலவீனமோ அது போகும். ஆக, ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் பகுதியான டிஃப்ரென்ஷியல் இரண்டையும் பிரிக்க வேண்டும். உங்கள் வண்டியில் முன்பக்கம் பட்டை (இலை ஸ்பிரிங்) கட்டிய முழு ஆக்சில் இல்லை, முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். டயருக்கு இடம் விட பாரை முறுக்கி உயர்த்தியிருப்பீர்கள். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட் எப்போதும் சாய்ந்த கோணத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பர் பூட் கிழிகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 33-ஐ விற்றுவிட்டு 31 அங்குலம் போடுவேன். அப்போது 3.73 என்பது 3.49 போல நடந்துகொள்ளும். அந்த டீசல் எஞ்சின் அதைத் தாங்கும். டயரில் கொஞ்சம் நஷ்டம் வரும்தான். இரண்டு பக்கமும் கிரவுன்-பினியன் (டிஃப்ரென்ஷியலுக்குள் ஒன்றையொன்று கடிக்கும் பெரிய பல்சக்கரமும் சின்னதும்) வாங்கி, பேரிங் வாங்கி, நல்ல கையில் கொடுத்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது சின்ன நஷ்டம்.

பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று வாங்கினேன். ஆக்சில் விகிதம் 4.88 என்கிறார் ஒருவர், 5.38 என்கிறார் இன்னொருவர். பிரிக்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? – வாசகர், சேலம்

உண்டு ஐயா. சமதளத்தில் வண்டியை நிறுத்தி முன்சக்கரங்களுக்கு நல்ல கட்டை வையுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். கியர் நியூட்ரல். ஹேண்ட்பிரேக் ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற பழைய வகையாக இருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும், அதனால்தான் கட்டை முக்கியம் என்கிறேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் நிற்க மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே கிரவுன் வீல் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த நேரத்தில் ஷாஃப்ட் எத்தனை சுற்று போனது என்று ஒருவர் எண்ண வேண்டும். ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனால் 5.38.

இந்த இரண்டு எண்களுக்கும் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 4.88, கிரவுனில் 39 பல், பினியனில் 8. போர் முடிந்து 1945-ல் விவசாயிகளுக்காக சிஜே-2ஏ வந்தபோது அதை 5.38 ஆக்கினார்கள், 43 பல்லுக்கு 8. ஏர் இழுக்கவும் பாரம் இழுக்கவும் அந்தக் கியர். அதற்குப் பின்னால் வந்த சிஜே-3பி-யைத்தான் மகிந்திரா உரிமம் பெற்று இங்கே கட்டியது. உங்கள் வண்டி அந்த வம்சம். 5.38 இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 29-ல் இருந்து 31 அங்குல டயருக்குப் போனாலும் 5-க்குச் சமமான இழுவை மிஞ்சும், கியர் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். தோட்டத்துக்குள் பாதை பள்ளமும் கல்லுமாக இருக்கிறது, டிஃப்ரென்ஷியல் அடிக்கிறது. 31 அங்குல டயர் போட்டால் அடிபடாது என்கிறார்கள். போடலாமா அண்ணே? – வாசகர், கம்பம்

வேண்டாம் தம்பி. இதை நான் சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன், முழுதாகப் படியுங்கள்.

29-ஐ எடுத்துவிட்டு 31 போட்டால் டயரின் உயரம் இரண்டு அங்குலம் கூடும். ஆனால் ஆக்சில் இருப்பது டயரின் நடுவில். அது உயர்வது ஒரே ஒரு அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கப்போவது என்ன என்று பாருங்கள். பிரேக் டிரம் அதேதான், லைனிங் அதேதான், நீங்கள் மிதிக்கும் காலும் அதேதான். டயர் பெரிதானால் சாலை அந்த டிரம்மை எதிர்த்துத் திருப்பும் நெம்புகோல் நீளமாகிவிடும். நட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப் செருகுகிற மாதிரி. 31 அங்குலத்தில் உங்கள் பிரேக்கின் பிடி ஆறு, ஏழு சதவீதம் குறையும். 33 போட்டால் 12 சதவீதம். எஞ்சின் பிரேக்கிங்கும் அதே கணக்கில் குறையும். இரண்டாவது கியரில் இறங்கிய வளைவில் வண்டி கொஞ்சம் வேகமாக ஓடும், நீங்கள் அடிக்கடி பிரேக்கை மிதிப்பீர்கள், டிரம் சூடேறும், சூடேறினால் பிடி இன்னும் குறையும். இறக்கம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை, தினமும் இறங்குகிறவர் நீங்கள்.

வண்டியில் ஏறுகிறவர்கள் யார்? விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு வந்து நிற்கிற பெண்கள். கம்பத்திலும் போடியிலும் நான் தினம் பார்க்கிறேன். ஜீப் நிரம்பி, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களும் இருப்பார்கள். ஆள் அதிகமாக ஏறிய ஜீப்பில் பாரத்தின் மையம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதை இன்னும் உயர்த்துவதற்கு நான் உதவி செய்ய மாட்டேன். என் பட்டறைக்கு ஆள் ஏற்றும் ஜீப் வந்து பெரிய டயர் கேட்டால் முடியாது என்று அனுப்பிவிடுகிறேன். வாடிக்கையாளர் போனால் போகட்டும்.

உங்கள் டிஃப்ரென்ஷியல் அடிபடக் காரணம் பெரும்பாலும் பட்டை உட்கார்ந்துபோனதுதான். பாரம் ஏற்றிய வண்டியின் பட்டை நேராகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருந்தால், இரண்டு பக்கமும் பிரித்து வளைவு ஏற்றி, உடைந்த இலையை மாற்றிப் போடுங்கள். டயரில் ஒரு அங்குலம் தேடுகிறீர்கள், பட்டையில் அதைவிட அதிகமாகவே போயிருக்கும். ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட் பாருங்கள். டயர் கம்பெனி அளவிலேயே, பக்கச் சுவர் கெட்டியான ரகமாக வாங்குங்கள். தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் நின்று லோ கியர் போட்டுப் போங்கள். டிஃப்ரென்ஷியலுக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்று வளைத்துப் பொருத்தித் தரச் சொல்லுங்கள், எந்த வெல்டரும் செய்வார். ஆள் எண்ணிக்கையையும் குறையுங்கள். அதுதான் கூலியில் கை வைக்கிற விஷயம், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறேன். 2001 ஜீப் ரேங்லர் டிஜே, 4.0 லிட்டர், மேனுவல் கியர். பின்னால் டானா 35 ஆக்சில், முன்னால் டானா 30, விகிதம் 3.07. இப்போது 225/75 ஆர்15 டயர். யூட்டாவில் மோவாப் பாறைகளில் ஓட்ட 35 அங்குலம் போட ஆசை. கியர் மட்டும் மாற்றினால் போதுமா, ஆக்சிலையே மாற்ற வேண்டுமா? – வாசகர், டென்வர்

ஆக்சிலையே மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் பின்னால். இந்த வண்டியில் பலரும் கியருக்குப் பணம் செலவழித்துவிட்டு அப்புறம் அந்தக் கியரோடு சேர்த்து ஆக்சிலைத் தூக்கிப் போடுகிறார்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

டானா 35-ன் கிரவுன் வீல் ஏறக்குறைய ஏழரை அங்குலம். ஷாஃப்டின் முனையில் 27 ஸ்ப்ளைன், அதாவது நீளவாக்கில் வெட்டிய பல். அதைவிட முக்கியம், ஷாஃப்டை உள்ளே பிடித்துவைப்பது ஒரு சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் அதைப் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை, சக்கரமும் ஷாஃப்டுமாகச் சேர்ந்து வெளியே வந்துவிடும். 35 அங்குல டயர் பாறை இடுக்கில் மாட்டி, நீங்கள் லோ கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்து, டயர் துள்ளி மீண்டும் பிடிக்கும் அந்தக் கணத்தில்தான் ஷாஃப்ட் போகும். சீரான இழுப்பை அது தாங்கும், திடீர் அடியைத் தாங்காது.

ஜீப் கம்பெனியே என்ன செய்தது பாருங்கள். 2003-ல் இதே டிஜே உடம்பில் ரூபிகான் கொண்டுவந்தார்கள். முன்னும் பின்னும் டானா 44, இரண்டிலும் லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுவது), 4.11 விகிதம், முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் 4-க்கு 1 லோ கியர். அவ்வளவும் செய்துவிட்டுப் போட்ட டயர் 31 அங்குலம்! பிறகு இப்போதைய ரேங்லரில் எக்ஸ்ட்ரீம் ரீகான் என்று 35 அங்குலத்தைத் தொழிற்சாலையிலேயே கொடுத்தபோது ஆக்சில் விகிதத்தை 4.56 ஆக்கினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது, இதற்குக் கீழே நாம் போகக் கூடாது.

பின்னால் உங்களுக்கு மூன்று வழி. டானா 35 ஹவுசிங்கிலேயே 30 ஸ்ப்ளைன் கெட்டி ஷாஃப்ட் போடும் கிட் வருகிறது. 33 அங்குலம் வரை அது நியாயமான வழி, 35-க்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கிரவுன் வீலும் ஹவுசிங்கும் அதே சின்னதுதான். இரண்டாவது டானா 44, நேராகப் பொருந்துகிற மாதிரி கிடைத்தால் வேலை சுலபம், விலை அதிகம். மூன்றாவதுதான் அங்கே பழைய வண்டி உடைக்கும் இடங்களில் பலர் தேடுவது, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8. பெயரே கிரவுன் வீலின் அளவு. 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், உங்கள் ரிம்மின் அதே ஐந்து போல்ட் அளவு, 1995-க்குப் பிந்தைய வண்டியில் எடுத்தால் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து வரும். ஷாஃப்டின் வலு தடிமனின் மும்மடியில் ஏறும். 12 சதவீதம் தடிமன் கூடினால் முறுக்கைத் தாங்கும் சக்தி 40 சதவீதம் கூடும். ஆனால் 8.8-லும் சி-கிளிப்தான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஷாஃப்ட் முறிவது மிக அரிது என்பதால் மக்கள் நம்பி ஓட்டுகிறார்கள். இன்னொன்று, அதன் குழாய்கள் நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகியவை. வார்ப்போடு சேரும் இடத்தைத் தெரிந்தவர் சூடேற்றி வெல்ட் வைக்காவிட்டால் குழாய் சுழலும். உங்கள் டிஜே-யில் காயில் ஸ்பிரிங், அதனால் இணைப்புக் கம்பிகளின் பிராக்கெட் எல்லாம் புதிதாக வெல்ட் செய்ய வேண்டும். பினியன் கோணம் பார்த்து அங்கங்கே தொட்டு வெல்ட் (டாக்) வைத்து, வண்டியைத் தன் பாரத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே முழு வெல்ட்.

இப்போது கியர். உங்கள் டயர் 28.3 அங்குலம். 3.07-ஐ 35-ஆல் பெருக்கி 28.3-ஆல் வகுத்தால் 3.80. அப்படியென்றால் 3.73 போதுமே என்று தோன்றும். இங்கேதான் அந்தச் சூத்திரம் ஏமாற்றும். அது உங்களைக் கம்பெனி விட்ட இடத்துக்குத்தான் திருப்பிக் கொண்டுபோகும். கம்பெனி 3.07 கொடுத்தது சாலையில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று, பாறை ஏறட்டும் என்று இல்லை. 4.88 போடுங்கள். 35 அங்குலத்தில் அது பழைய டயரில் 3.95 இருந்தால் எப்படியோ அப்படி ஓடும். அதே டிஜே வரிசையில் கம்பெனி கொடுத்த 4.10-க்குப் பக்கம்.

முன்னால் டானா 30 இருக்கட்டும். குரோமோலி எஃகு ஷாஃப்டும் நல்ல யு-ஜாயின்டும் போட்டு, பாறையில் பொறுமையாக ஓட்டினால் 35-ஐச் சுமக்கும். கிரவுன் வீலைத் தாங்கும் உங்கள் கேரியர் 3.55-க்குக் கீழ் உள்ள விகிதங்களுக்கானது, 3.73-ம் அதற்கு மேலும் என்றால் வேறு கேரியர் வேண்டும். எப்படியும் புதுக் கேரியர் வாங்க வேண்டும் என்பதால் அந்தக் காசை லாக்கரில் போடுங்கள், லாக்கரே கேரியராக இருக்கும். இதைவிட மேலே, 5.13 மாதிரி போகாதீர்கள். விகிதம் ஏற ஏறப் பினியன் சின்னதாகும், ஒரே நேரத்தில் கடிக்கும் பல்லும் குறையும். சின்ன ஹவுசிங்கில் பினியனே முதலில் போகும்.

வண்டியை உயர்த்துவதால் பின் ஷாஃப்டின் கோணமும் பாழாகும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள வழுக்கு யோக்கை எடுத்துவிட்டு, நிலையான யோக்கும் இரட்டை மூட்டு (டபுள் கார்டன் ஜாயின்ட்) ஷாஃப்டும் போட வேண்டிவரும். இதையும் சேர்த்துப் பட்ஜெட் போட்டுப் பாருங்கள். பெரிதாகத் தெரிந்தால் 33-ல் நில்லுங்கள், மோவாபில் 33 போதும் என்கிற பாதைகள் நிறைய இருக்கின்றன.

கிரவுன்-பினியன் மாற்றிக் கட்டிய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம் வருகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? – வாசகர், ஓசூர்

சரியாகாது. ஓட ஓடப் பல்தான் தேயும்.

முதலில் சத்தம் எங்கிருந்து என்று பிரித்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி என்று மாறினால் பல்லின் சத்தம். மிதித்தாலும் எடுத்தாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங். தார் ரோட்டில் ஒன்று, சிமென்ட் ரோட்டில் ஒன்று என்றால் டயர். மட் டயர் போட்டவர்கள் பலர் டயர் சத்தத்துக்காக டிஃப்ரென்ஷியலைப் பிரித்திருக்கிறார்கள்.

பல்லின் சத்தம்தான் என்றால், கட்டியவரிடம் ஒன்று கேளுங்கள்: மார்க் பார்த்தீர்களா? பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டின் தடிமனில் இருக்கிறது. பழைய ஷிம்மையே அப்படியே திரும்பப் போடுவது தொடக்கம்தான், முடிவு இல்லை. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் பூசி, லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றினால் கடித்த இடம் தெரியும். பல்லின் உயரத்தில் நடுவில் விழ வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் உள்ளே ரொம்பப் போய்விட்டது. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டத்தின் அளவைக் கம்பெனி புத்தகம் சொல்லும், இந்த வகை ஆக்சில்களில் பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறில் இருந்து பத்துப் பங்கு, மில்லிமீட்டரில் 0.15 முதல் 0.25. அதை டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பினியன் பேரிங்கின் இறுக்கத்துக்கு நசுங்கும் ஸ்லீவ் இருந்தால் அது ஒருமுறைதான். கழற்றினால் புதிது.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தி, ஒரே எண் குத்தி வருபவை. இரண்டு பெட்டியில் இருந்து ஒன்றொன்று எடுத்துக் கட்டியிருந்தால் எத்தனை ஷிம் மாற்றினாலும் கத்தும். எண்ணைப் பாருங்கள்.

திரும்பக் கட்டியதும் முதல் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி ஆறவிடுங்கள். கொஞ்ச நாள் பாரம் இழுக்க வேண்டாம். 800 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து மாற்றுங்கள், அதில் மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். துண்டு இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேராகப் பிரியுங்கள். ஆயில் ஜிஎல்-5 ரகம். பல்லும் பல்லும் சறுக்கிக்கொண்டே கடிக்கும் கியர் இது, வேறு ஆயில் தாக்குப்பிடிக்காது.

கூடலூரில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மாருதி ஜிப்சி கிங் நானே ஓட்டுகிறேன். 235/75 ஆர்15 போட்டால் ஆக்சில் கியர் மாற்ற வேண்டுமா? – வாசகி, கூடலூர்

ஜிப்சியைத் தோட்டத்தில் வைத்து ஓட்டுகிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம் அம்மா. உங்கள் கம்பெனி டயர் 205/70 ஆர்15, 668 மில்லிமீட்டர். கேட்ட டயர் 733. ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதன் முழு முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில்தான் வருகிறது. கீழ்ச் சுற்றில் பலம் இல்லாத எஞ்சினுக்குப் பத்து சதவீதம் பெரிய பாரம்.

215/75 ஆர்15 போடுங்கள். 703 மில்லிமீட்டர், ஐந்து சதவீதம்தான் கூடும். எதையும் பிரிக்க வேண்டாம்.

பெரியதே வேண்டுமென்றால் ஜிப்சியில் மட்டும் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அதன் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, நடுவில் குட்டி ஷாஃப்ட். அதற்குள் ஹை கியரே நேரடி இல்லை, அதிலும் குறைப்பு உண்டு. அதனால் அந்தப் பெட்டிக்குள் கியர் மாற்றினால் ஹையும் லோவும் இரண்டுமே மாறும், ஆக்சில்களைத் தொட வேண்டியதில்லை. இந்த வம்சத்து சுசுகி வண்டிகளுக்கு வெளிநாடுகளில் இதற்கென்றே கியர் செட் செய்கிறார்கள். ஒரு பெட்டி பிரித்தால் வேலை முடிந்தது. ஆனால் இதில் ஒரு விலை உண்டு. ஆக்சிலில் கியர் மாற்றினால் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் சுமை கூடாது. ட்ரான்ஸ்ஃபரில் மாற்றினால் கூடிய முறுக்கு முழுதும் ஷாஃப்ட் வழியாக, யு-ஜாயின்ட் வழியாக, பினியன் வழியாகப் போகும். யு-ஜாயின்டின் கிராஸ்களுக்கு கிரீஸ் அடிப்பதை மறக்காதீர்கள்.

லாக்கர் முதலா, கியர் முதலா? – வாசகர், திண்டுக்கல்

இரண்டும் ஒரே நாளில். கேரியரை வெளியே எடுக்கும் கூலி ஒன்றுதான். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, டயரும் கம்பெனி அளவு என்றால் பின்னால் மட்டும் லாக்கர் போடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: சாதாரண டிஃப்ரென்ஷியலில் ஒரு சக்கரம் தூக்கினால் அது சும்மா சுற்றும், எதுவும் உடையாது. லாக்கர் போட்டால் தரையில் இருக்கும் ஒற்றை ஷாஃப்ட் மொத்தப் பாரத்தையும் வாங்கும். மிதிக்கிற காலில் கருணை வேண்டும்.

டயர் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா? ஆர்டிஓ பிடிப்பார்களா? – வாசகர், மதுரை

பொய் சொல்லும். 29 அங்குல இடத்தில் 33 போட்டு முள் 80 காட்டினால் நீங்கள் போவது 91. கியரையும் அதே அளவுக்கு மாற்றினால், கியர் பாக்ஸில் இருந்தோ ட்ரான்ஸ்ஃபரில் இருந்தோ கேபிள் எடுக்கும் வண்டிகளில் முள் தானாகவே சரியாகிவிடும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்சிலும் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் டயரைத்தான் முதலில் பார்ப்பார். அடிபட்ட மூன்றாவது ஆளின் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேராமல் இழுபட்டால் அது நம் தலையில்தான்.

ஆக்சில் மாற்றிய வண்டியில் காட்டுக்குள் போகும்போது என்ன ஸ்பேர் எடுத்துப் போக வேண்டும்? – வாசகர், ஈரோடு

எது முதலில் உடையும் என்று தெரிந்துகொண்டு அதை எடுத்துப் போங்கள். முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் இடமான நக்கிள் பக்கம் உள்ள யு-ஜாயின்ட், அதைக் கழற்ற சர்க்கிளிப் பிளையர், சுத்தியல். நீளம் வேறுபடும் ஆக்சில் ஷாஃப்ட் என்றால் நீளமான பக்கத்தது ஒன்று, சின்னது ஒன்று. ஹப் நட்டுக்கான ஸ்பேனர், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், ஷாஃப்ட் கையில் இருக்கும், ஹப்பைத் திறக்க முடியாது. ஒரு லிட்டர் கியர் ஆயில், சிலிகான் கேஸ்கெட் ட்யூப், பழைய துணி. பின் ஷாஃப்ட் போய்விட்டால், அது முழு மிதவை ஆக்சிலாக இருந்தால், உடைந்த துண்டுகளை உருவி எடுத்துவிட்டு ஃபிளேஞ்சை மூடி முன்சக்கர இழுப்பிலேயே வீடு வரலாம். அரை மிதவை ஆக்சிலாக இருந்தால் ஷாஃப்ட்தான் சக்கரத்தையே தாங்குகிறது, அந்த இடத்திலேயே புது ஷாஃப்ட் போடாமல் வண்டியை ஒரு அடியும் நகர்த்த வேண்டாம். உங்களுடையது எந்த வகை என்று கிளம்பும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் நடுவில் ஷாஃப்டின் ஃபிளேஞ்ச் தனி போல்ட்டுகளில் வெளியே தெரிந்தால் முழு மிதவை.